மேமோகிராம் எல்லோருக்கும் ஒரே அட்டவணைதானா? நாற்பதைக் கடந்த பெண்கள் கேட்கும் கேள்விகள்

மார்பகப் புற்றுநோயைத் தேடி எடுக்கும் எக்ஸ்ரேதான் மேமோகிராம். அதை எந்த வயதில் தொடங்குவது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை எடுப்பது, கூடவே எம்.ஆர்.ஐ.யும் வேண்டுமா? இதையெல்லாம் ஒவ்வொரு பெண்ணின் ரிஸ்க்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்ற யோசனை இப்போது வலுத்து வருகிறது. அதைப் பற்றி 40 முதல் 60 வயதுவரை உள்ள பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கான பக்கம் இது. மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறது, காம்பிலிருந்து ரத்தம் கசிகிறது, தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் ரிஸ்க் கணக்கெல்லாம் அப்புறம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரிஸ்க் கணக்கு எனக்குப் புற்றுநோய் வருமா வராதா என்று சொல்லிவிடுமா?

சொல்லாது. உங்கள் வயது, உங்கள் குடும்ப வரலாறு, உங்கள் உடல்நிலை உள்ள ஆயிரம் பெண்களை எடுத்துக்கொண்டால் அடுத்த ஐந்து அல்லது பத்து வருடத்தில் அவர்களில் எத்தனை பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும் என்பதுதான் அந்த எண். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பது அதற்குத் தெரியாது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பின்னால் நோய் வரப்போகும் ஒரு பெண்ணையும் வராத ஒரு பெண்ணையும் காட்டி, யாருக்கு ரிஸ்க் அதிகம் என்று கேட்டால், இன்று புழக்கத்தில் இருக்கும் கால்குலேட்டர்கள் பத்துக்கு ஆறேழு தடவைதான் சரியாகச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐந்து தடவை சரியாக வரும். எனவே, ஆளைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கு உதவாது. யாருக்கு அடிக்கடி பார்க்க வேண்டும், யாருக்கு இடைவெளி விடலாம், யாருக்கு வேறு கருவி வேண்டும் என்று பிரிக்க உதவும். அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்தினால் நல்ல கருவிதான்.

அம்மாவுக்கு வந்திருக்கிறது. எனக்கு ரிஸ்க் இரண்டு மடங்கு என்றார்கள். பயமாக இருக்கிறது.

எதில் இரண்டு மடங்கு என்று கேட்டீர்களா? பயத்தில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, 40 வயதுப் பெண்ணுக்கு அடுத்த பத்து வருடத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சராசரியாக 1.5 சதவீதம். 50 வயதில் இது 2.4 சதவீதம், 60 வயதில் 3.5 சதவீதம். அம்மா, அக்கா, தங்கை, மகள் இவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இப்போது 40 வயதுப் பெண்ணுக்குக் கணக்கைப் போடுங்கள்: 1.5 சதவீதம் 3 சதவீதமாகிறது. அதாவது, அம்மாவுக்கு வந்திருந்தும், அவரைப் போன்ற நூறு பேரில் 97 பேருக்கு அடுத்த பத்து வருடத்தில் வராது. அதே சமயம், அந்த 3 சதவீதம் சராசரி 50 வயதுப் பெண்ணின் ரிஸ்க்கைவிடக் கூடுதல். 50 வயதில் மேமோகிராம் எடுப்பது நியாயம் என்றால் இவர் 40லேயே தொடங்குவதும் நியாயம்தானே? ரிஸ்க்கைப் பார்த்து அட்டவணை போடுவது என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

யாராவது ‘மடங்கு’ என்று சொன்னால் விடாதீர்கள். எத்தனை வருடத்துக்கு, எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

எட்டில் ஒரு பெண்ணுக்கு வரும் என்கிறார்களே, அது பொய்யா?

பொய்யில்லை. அது அமெரிக்கப் பெண்களின் வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு. பிறந்ததிலிருந்து முதுமைவரை சேர்த்தால் அங்கே 12, 13 சதவீதம் வருகிறது. வேறு பல நாடுகளில் இதைவிடக் குறைவு. விழிப்புணர்வு போஸ்டருக்கு நன்றாக இருக்கிறது. இந்த வருடம் மேமோகிராம் எடுக்கலாமா என்று முடிவு செய்ய உதவாது. அதற்கு ஐந்து வருட அல்லது பத்து வருடக் கணக்குதான் வேண்டும்.

கணக்கில் எதையெல்லாம் சேர்க்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் முன்னால் வயது. அப்புறம் நெருங்கிய ரத்த உறவில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்பது. 70 வயதில் பாட்டிக்கு வந்ததும் 38 வயதில் அக்காவுக்கு வந்ததும் ஒன்றல்ல; இளம் வயதில் வந்திருந்தால் எடை அதிகம்.

முன்பு மார்பில் பயாப்ஸி (சிறு துணுக்கு சதை எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்திருந்தால் அதன் ரிப்போர்ட் மிக முக்கியம். ‘புற்றுநோய் இல்லை’ என்ற வரியோடு நம்மில் பலர் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் அதே ரிப்போர்ட்டில், செல்கள் இயல்பு மாறிப் பெருகியிருக்கின்றன என்று எழுதியிருக்கலாம். டாக்டர்கள் இதை அடிப்பிகல் ஹைப்பர்பிளேசியா என்பார்கள். புற்றுநோய் இல்லைதான், ஆனால் ரிஸ்க்கை ஏறக்குறைய நான்கு மடங்காக்கும் விஷயம் இது. பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து இன்னொரு முறை படியுங்கள்.

ஹார்மோன் சம்பந்தப்பட்டவை அடுத்த வரிசை. 12 வயதுக்கு முன்பே பருவமடைந்தது, 55க்குப் பிறகும் மாதவிடாய் நிற்காதது, குழந்தை பெறாதது அல்லது முதல் குழந்தையை 30க்கு மேல் பெற்றது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். தாய்ப்பால் கொடுத்த மாதங்கள் சற்றுக் குறைக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஏறும் உடல் எடை கூட்டும். மதுவும் கூட்டும், தினம் 10 கிராம் ஆல்கஹாலுக்கு, இருக்கும் ரிஸ்க்கில் ஏறத்தாழ 7 சதவீதம் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு.

மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் எந்த வகை, எத்தனை வருடம் என்பதைச் சொல்ல வேண்டும். 2019ல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, ஈஸ்ட்ரோஜனும் தினசரி புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரையை 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் எடுத்தால், 50 பேருக்கு ஒருவர் வீதம் 69 வயதுக்குள் கூடுதலாகப் புற்றுநோய் வரும்.

கடைசியாக மார்பகத்தின் அடர்த்தி. அதற்குக் கீழே தனியாகவே பதில் இருக்கிறது.

அப்பா வழி உறவுகளையும் சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. அதிகம் விட்டுப்போவது இதுதான். அம்மா, பெரியம்மா, சித்தி என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அத்தை ஞாபகத்துக்கே வராது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ரிஸ்க்கைப் பெரிதாகக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு அப்பாவிடமிருந்தும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடுதான் வரும். அத்தைக்கோ அப்பாவின் அம்மாவுக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று கேளுங்கள். ‘வயிற்றில் ஏதோ கட்டி, ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை’ என்று பெரியவர்கள் சொல்வது சில சமயம் சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கும். உறவில் ஆண் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதுவும் பெரிய தடயம்.

எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இல்லை. எனக்குத் தேவையில்லைதானே?

தேவை. மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் பெரும்பாலானோருக்கு, சுமார் 85 சதவீதம் பேருக்கு, அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மகளுக்கோ அந்த நோய் இருந்ததில்லை. பரம்பரை மரபணுக் கோளாறால் வருபவை 5 முதல் 10 சதவீதம்தான்.

ரிப்போர்ட்டில் ‘அடர்த்தி சி’ என்று போட்டிருக்கிறார்கள். என்ன அது?

மார்பகத்தில் கொழுப்பும் இருக்கும், பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் இருக்கும். எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும்; சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை எவ்வளவு என்பதை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு, டி என்றால் மிக அடர்த்தி. தோராயமாகப் பத்தில் ஒருவர் ஏ, நான்கு பேர் பி, நான்கு பேர் சி, ஒருவர் டி. சி, டி இரண்டையும் அடர்த்தி என்று கணக்கில் எடுப்பார்கள். எனவே 40களில் இருக்கும் பெண்ணுக்கு சி வருவது சாதாரணம். அது நோய் அல்ல.

பிரச்சினை இரண்டு விதத்தில். முதலாவது, கட்டியும் எக்ஸ்ரேயில் வெள்ளைதான். மூடுபனிக்குள் வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடுவது மாதிரி. இருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். ‘எல்லாம் சரி’ என்று வந்த ரிப்போர்ட்டின் நம்பகத்தன்மை டி வகையினருக்கு அதனால் குறைகிறது. இரண்டாவது, அடர்த்தியே ஒரு ரிஸ்க். டி வகையினருக்கு சராசரியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏ வகையோடு ஒப்பிட்டு ‘நான்கு முதல் ஆறு மடங்கு’ என்று சிலர் எழுதுவார்கள். ஒப்பிடும் ஆளை மாற்றினால் எண்ணும் பெரிதாகிவிடும், கவனியுங்கள்.

தொட்டுப் பார்த்து அடர்த்தியைச் சொல்ல முடியாது. மார்பு கெட்டியாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அளவுக்கும் சம்பந்தமில்லை. படம் எடுத்தால்தான் தெரியும். 40ஐ ஒட்டி ஒரு மேமோகிராம் எடுத்துப் பார்ப்பதற்கு இது ஒரு நல்ல காரணம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது: மீதி அட்டவணையை அதை வைத்துத் தீர்மானிக்கலாம். அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து, அடர்த்தியைப் பெண்ணுக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எழுத்து இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அடர்த்தி டி. மேமோகிராமோடு வேறென்ன எடுக்கலாம்?

நெதர்லாந்தில் ‘டென்ஸ்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். 2019ல் முடிவு வந்தது. மேமோகிராம் சரியாக வந்த, மிக அடர்த்தியான மார்பகம் கொண்ட, 50 முதல் 75 வயதுவரை உள்ள நாற்பதாயிரத்துச் சொச்சம் பெண்களில் ஒரு பகுதியினரை எம்.ஆர்.ஐ.க்கு அழைத்தார்கள். அடுத்த மேமோகிராம் வருவதற்குள் இடையில் தலைகாட்டும் புற்றுநோய், அழைக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்கு 5, அழைக்கப்பட்டவர்களில் 2.5. அழைத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர்தான் எம்.ஆர்.ஐ.க்கு வந்தார்கள். அப்படியும் பாதியாகக் குறைந்தது.

அல்ட்ராசவுண்ட் எளிதில் கிடைக்கும், கதிர்வீச்சும் இல்லை. ஆனால் கண்டுபிடிக்கும் திறனில் எம்.ஆர்.ஐ.க்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறது. பிரிட்டனில் நடந்த ‘பிரெய்ட்’ ஆய்வு 2025ல் வெளியானது. அதில் சுருக்கமான எம்.ஆர்.ஐ.யும், ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கும் மேமோகிராமும் ஆயிரத்துக்கு 17 முதல் 19 புற்றுநோயைக் கண்டுபிடித்தன. தானியங்கி அல்ட்ராசவுண்ட் 4ஐத்தான் கண்டுபிடித்தது.

மேமோகிராமுக்குப் பதிலாக அல்ட்ராசவுண்ட் மட்டும் போதுமா?

போதாது. சுண்ணாம்புப் பொடி தூவினது போன்ற மிகச் சிறிய படிவுகள்தான் சில ஆரம்பகாலப் புற்றுநோய்களின் ஒரே அடையாளம். மேமோகிராம் அதைக் காட்டும். அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் காட்டாது. (மேமோகிராம் அன்று டியோடரண்டும் பவுடரும் போடாமல் வரச் சொல்வதும் இதனால்தான். அக்குளில் ஒட்டியிருக்கும் துகள் படத்தில் அந்தப் படிவு போலவே தெரியும்.)

எந்தக் கால்குலேட்டரைப் பயன்படுத்துகிறார்கள்?

மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும்.

1989ல் வந்த கெய்ல் மாடல்தான் பழையது. கேள்விகள் குறைவு, ஐந்து நிமிட வேலை. வயது, பருவமடைந்த வயது, முதல் குழந்தை பெற்ற வயது, பயாப்ஸி, அம்மா-சகோதரி-மகள்களில் எத்தனை பேருக்கு நோய் என்பதைக் கேட்கும். அதன் குறையும் அங்கேதான். அத்தையைக் கேட்காது, பாட்டியைக் கேட்காது, எந்த வயதில் வந்தது என்று கேட்காது, அடர்த்தியைக் கேட்காது. அப்பா வழியில் நோய் நிறைய உள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு இது ‘குறைந்த ரிஸ்க்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடும்.

2004ல் வந்த டைரர்-குசிக் மாடல் குடும்பத்தை விரிவாகக் கேட்கும். உயரம், எடை, ஹார்மோன் மாத்திரையும் உண்டு. புதிய பதிப்பில் அடர்த்தியும் சேர்ந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிய கேன்ரிஸ்க், மரபணுச் சோதனை முடிவுகளையும் சேர்த்துக் கணக்குப் போடும்.

ஒரே ஆளுக்கு இரண்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டு எண் வந்தது. எது சரி?

இரண்டும் மதிப்பீடுதான். கேட்ட கேள்விகள் வேறு, அதனால் பதிலும் வேறு. குடும்பத்தில் நோய் இருந்தால் கெய்லை விட்டுவிட்டு மற்ற இரண்டில் ஒன்றைப் பாருங்கள். 2.1, 2.4 மாதிரி தசம வித்தியாசத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒரே வகைக்குள் விழுகிறதா என்பதுதான் கேள்வி. ஒன்று ‘சராசரி’ என்றும் மற்றது ‘அதிகம்’ என்றும் சொன்னால் மரபியல் ஆலோசகரிடம் போவது நல்லது.

இந்த மாடல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவிலிருந்து உருவானவை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். மற்ற இனத்தவருக்கு எண் கூடவோ குறையவோ வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு வந்தால் ‘அதிக ரிஸ்க்’?

எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே கோடு கிடையாது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வாழ்நாள் ரிஸ்க் 20 சதவீதத்தைத் தாண்டினால் மேமோகிராமோடு வருடாந்திர எம்.ஆர்.ஐ.யும் என்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 40 முதல் 50 வயதுக்குள் வரும் வாய்ப்பைப் பார்க்கிறது. 3 சதவீதத்துக்குக் கீழே சராசரி, 3 முதல் 8 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். நடுத்தரம் என்றாலே 40களில் வருடாவருடம் மேமோகிராம் உண்டு.

கால்குலேட்டரே தேவையில்லாமல் அதிக ரிஸ்க் வகைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ. 1 அல்லது 2ல் கோளாறு உள்ளவர்களுக்கு 80 வயதுக்குள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். 10 முதல் 30 வயதுக்குள் வேறு நோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களும் இதில் சேர்த்தி. இவர்கள் நாற்பதுவரை காத்திருக்கக் கூடாது.

சராசரி ரிஸ்க்தான். எப்போது தொடங்கி எத்தனை வருடத்துக்கு ஒரு முறை?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2009லிருந்து 50 வயது என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2024ல் அதை 40 ஆக்கி, 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்றது. அங்கேயே புற்றுநோய்ச் சங்கம் 45 முதல் 54 வரை வருடாவருடம் என்கிறது. பிரிட்டனில் 50 முதல் 71 வரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை. நெதர்லாந்தில் 50 முதல் 75 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

எல்லாம் பெரிய நிபுணர்கள், எல்லோரும் பார்ப்பதும் ஏறக்குறைய அதே ஆய்வுகள்தான். பலனையும் தொந்தரவையும் எந்தத் தராசில் வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். எங்களைக் கேட்டால், சராசரி ரிஸ்க் உள்ள பெண்ணுக்கு இரண்டு வருட இடைவெளி நியாயமான நடுவழி. வருடாவருடம் எடுப்பதன் பலனில் சுமார் 80 சதவீதம் அதிலேயே கிடைத்துவிடுகிறது, தவறான எச்சரிக்கைகள் கிட்டத்தட்டப் பாதியாகின்றன என்று 2009ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டார்கள்.

தொந்தரவு என்ன இருக்கிறது? எல்லோருக்கும் வருடாவருடம் எடுத்துவிட்டால் நல்லதுதானே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் பதில் ‘ஆமாம்’ இல்லை.

முதல் தொந்தரவு, வீண் அழைப்பு. பிரிட்டன் திட்டத்தில் மேமோகிராம் எடுக்கும் நூறு பேரில் 4 பேரை மறுபரிசோதனைக்கு அழைக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். அமெரிக்காவில் இன்னும் தாராளமாக அழைப்பார்கள்: அங்கே பத்து வருடம் வருடாவருடம் எடுத்தால், பாதிப் பெண்களுக்காவது ஒரு தடவை இப்படி ஒரு அழைப்பு வரும். ‘திரும்ப வாருங்கள், இன்னொரு படம் எடுக்க வேண்டும்’ என்று போன் வந்ததிலிருந்து முடிவு கைக்கு வரும்வரை வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலருக்கு ஊசி குத்தி பயாப்ஸிவரை போகும். 40களில் இருப்பவர்களுக்கு அடர்த்தியும் அதிகம், நோயும் குறைவு. எனவே வீண் அழைப்பின் விகிதம் அவர்களுக்குத்தான் அதிகம்.

இரண்டாவது தொந்தரவைப் பற்றி யாரும் பேசுவதில்லை: தேவையில்லாத சிகிச்சை. மிக மெதுவாக வளரும் சில புற்றுநோய்கள், கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பெண்ணின் ஆயுளுக்குள் எந்தக் கெடுதலும் செய்திருக்காது. ஆனால் கண்டுபிடித்தபின் அது எந்த வகை என்று பிரிக்கத் தெரியாது. அதனால் அறுவை, கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் நடக்கும். 2012ல் சர் மைக்கேல் மார்மட் தலைமையில் பிரிட்டனில் ஒரு குழு இதைக் கணக்கிட்டது. 50 வயதில் தொடங்கி இருபது வருடம் அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 பேரின் உயிர் காப்பாற்றப்படுகிறது. 129 பேர் தேவையில்லாமல் புற்றுநோய் நோயாளிகள் ஆகிறார்கள். துல்லியமான எண்ணில் இன்றும் சண்டை உண்டு. இரண்டும் நடக்கிறது என்பதில் சண்டை இல்லை.

இந்தத் தராசில் நடுவில் நிற்கும் முள்ளைத்தான் ரிஸ்க் நகர்த்துகிறது. ரிஸ்க் கூடக் கூட, அதே தொந்தரவுக்குக் கிடைக்கும் பலன் கூடுகிறது. குறைந்தால் குறைகிறது.

கதிர்வீச்சே புற்றுநோயை வரவழைக்காதா?

இரண்டு பக்கமும் எடுக்கும் வழக்கமான மேமோகிராமில் 0.4 மில்லிசீவர்ட். இயற்கையாக நம் மேல் ஏழு வாரத்தில் விழும் அளவு அது. நாற்பதுக்கு மேல் இது கவலைப்பட வேண்டிய அளவு அல்ல.

ரிஸ்க்கைப் பார்த்து அட்டவணை போடுவது பாதுகாப்பானது என்று நிரூபித்திருக்கிறார்களா?

பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வந்திருக்கிறது. அமெரிக்காவில் அறுவை மருத்துவர் லாரா எஸ்ஸர்மன் தலைமையில் 2016ல் தொடங்கிய ‘விஸ்டம்’ அது. 40 முதல் 74 வயதுவரை உள்ள 28,000க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வருடாவருடம் மேமோகிராம். இன்னொரு பிரிவுக்கு மரபணுச் சோதனை, அடர்த்தி, குடும்ப வரலாறு எல்லாம் பார்த்து நான்கு விதமாக: ரிஸ்க் மிகக் குறைந்தவர்கள் 50 வயதுவரை காத்திருக்கலாம், சராசரி என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, கூடுதல் என்றால் வருடாவருடம், மிக அதிகம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் மாறி மாறி.

2025 டிசம்பரில் முடிவு வெளியானது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய் (இரண்டாம் நிலை ‘பி’யும் அதற்கு மேலும்) ரிஸ்க் பார்த்த பிரிவில் கூடவில்லை. இதுதான் எல்லோரும் பயந்த விஷயம், அது நடக்கவில்லை. ஆனால் எதிர்பார்த்தபடி பயாப்ஸிகளின் எண்ணிக்கை குறையவும் இல்லை. எனவே ‘இனி எல்லாம் மாறிவிட்டது’ என்று கொண்டாடுபவர்களை நம்ப வேண்டாம். அதில் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: ரிஸ்க்கைக் கூட்டும் மரபணுக் கோளாறு இருந்த பெண்களில் சுமார் 30 சதவீதம் பேர் குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை என்று சொன்னவர்கள்.

ஐரோப்பாவில் ‘மைபெப்ஸ்’ என்ற பெயரில் 53,000 பெண்களை வைத்து இதேபோன்ற ஆய்வு 2019ல் தொடங்கியது.

மரபணுச் சோதனை எல்லோரும் செய்துகொள்ள வேண்டுமா?

இப்போதைக்குப் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் எல்லோருக்கும் என்று சொல்வதில்லை. நெருங்கிய உறவில் 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலாவது சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், அல்லது ஒரே வழியில் பலருக்கு நோய் என்று இருந்தால் கேளுங்கள். முடிந்தால் முதலில் நோய் வந்த உறவினரைச் சோதிப்பது நல்லது; அவரிடம் கோளாறு எதுவென்று தெரிந்தால் உங்களிடம் அதைத் தேடுவது சுலபம்.

மேமோகிராம் படத்தைப் பார்த்தே செயற்கை நுண்ணறிவு ரிஸ்க் சொல்கிறதாமே?

ஆமாம். எம்.ஐ.டி. ஆய்வாளர்களின் ‘மிராய்’ 2021ல் வந்தது. படம் மட்டும் வைத்து ஐந்து வருட ரிஸ்க் சொல்லும் ஒரு மென்பொருளுக்கு 2025ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதியும் கொடுத்துவிட்டது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத எதையோ அது பிடிக்கிறது. பழைய கால்குலேட்டர்களைவிடப் பிரிக்கும் திறன் கூடுதலாகத் தெரிகிறது. அது சொல்வதை வைத்து அட்டவணையை மாற்றினால் உயிரிழப்பு குறையுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு நீண்ட ஆய்வு வேண்டும்.

எனக்குக் குறைந்த ரிஸ்க் என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

இருக்கலாம், அடுத்த மேமோகிராமை மறக்காதவரை. நோய் வரும் பெண்களில் பெருவாரியானோர் சராசரி ரிஸ்க் வகையிலிருந்துதான் வருகிறார்கள்; ஏனென்றால் அந்த வகையில்தான் ஆள் அதிகம். இடையில் மார்பில் மாற்றம் தெரிந்தால், ‘எனக்குத்தான் 0.8 சதவீதம் என்றார்களே’ என்று தள்ளிப்போடாதீர்கள். கட்டியைக் கையால் உணர்ந்த நிமிடத்தில் அந்த எண் செல்லாது.

அதிகம் என்று வந்தால் அடிக்கடி படம் எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

மேமோகிராம் நோயைத் தடுப்பதில்லை, சீக்கிரம் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். தடுக்கவும் மாத்திரை உண்டு. அதிக ரிஸ்க் உள்ள பெண்கள் ஐந்து வருடம் டாமாக்சிஃபன் எடுத்தால் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகிறது என்று 1998ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, கருப்பையில் புற்றுநோய் போன்ற பக்கவிளைவுகள் அரிதாக உண்டு. அதனால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. எடையும் மதுவும் உங்கள் கையில் இருக்கின்றன. பருவமடைந்த வயது யார் கையிலும் இல்லை, அதற்காக வருந்த வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கும்போது என்ன கொண்டுபோவது?

இரு வழி உறவுகளிலும் யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் என்று எழுதிய ஒரு தாள். பழைய மேமோகிராம் படங்கள். ரிப்போர்ட் மட்டும் அல்ல, படங்களும். முன்பு எடுத்ததோடு ஒப்பிட்டால்தான் புதிதாக முளைத்தது எது, காலங்காலமாக இருப்பது எது என்று தெரியும். வீண் அழைப்பும் குறையும். பயாப்ஸி ரிப்போர்ட் இருந்தால் அதன் முழுப் பிரதி. ஹார்மோன் மாத்திரையின் பெயர்.

ஒரு தடவை கணக்குப் போட்டால் போதுமா?

போதாது. வயது ஏற ஏற எண் மாறும், மாதவிடாய் நின்றபின் அடர்த்தி பெரும்பாலும் குறையும், மாடல்களும் புதுப்பிக்கப்படும். குடும்பத்தில் புதிதாக யாருக்காவது நோய் தெரியவந்தாலோ, பயாப்ஸி நடந்தாலோ, ஹார்மோன் மாத்திரை தொடங்கினாலோ நிறுத்தினாலோ உடனே மறுபடி போடுங்கள். எதுவும் மாறவில்லையென்றால் ஒவ்வொரு மேமோகிராம் முடிவு வரும்போதும் டாக்டரிடம் அடர்த்தியையும் புதிய எண்ணையும் கேட்டுக் குறித்துவைத்தால் போதும்.